தட்டியில் 'இணையத்தின் தாய்' என்று போடலாமா?

தெற்குவாசல்:
அடுத்த மாதம் எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் கணினிக் கண்காட்சி வைக்கிறோம். வாசல் தட்டியில் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'இணையத்தின் தாய்' என்று எழுத முடிவு செய்தோம். குழுவில் ஒரு அக்கா மட்டும் கூடாது என்று நிற்கிறார். அச்சுக்குக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. விண்டன் செர்ஃபையும் ராபர்ட் கானையும் 'இணையத்தின் தந்தையர்' என்று உலகமே சொல்கிறது, அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணைத் தாய் என்றால் மட்டும் எதற்கு வழக்கு? மீனாட்சியை அன்னை என்று கூப்பிடுகிற ஊர் இது. இங்கே தாய் என்பதற்கு மேல் என்ன மரியாதை இருக்கிறது? தட்டியைப் பார்ப்பவன் மூன்று வினாடிதான் நிற்பான், அதற்குள் மனதில் தைக்க வேண்டும்.

கேபிள்காரி:
அந்த அக்கா நான்தான். முதல் காரணம், அந்தப் பட்டத்தை அவரே விரும்பவில்லை. இணையம் தனி ஒருவர் கண்டுபிடித்ததல்ல என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பெயரை அவர் படத்துக்குக் கீழே எழுதுவது மரியாதையா அண்ணே?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. அவர் செய்த வேலை என்ன என்று அந்தத் தட்டியில் ஒரு வரி கூட இல்லை. நான் ஒரு கல்லூரி விடுதியில் நெட்வொர்க் பார்க்கிறேன். போன வருடம் செமஸ்டர் நேரத்தில் ஒரு ராத்திரி மொத்தக் கட்டடத்துக்கும் நெட் போய்விட்டது. நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும் ரேக்கைத் திறந்தால், கேபிள் செருகும் எல்லா போர்ட் விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று துடிக்கிறது. இரண்டாம் மாடியில் ஒரு மாணவன் அறையைக் கூட்டும்போது, தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை எடுத்து கேபிள்களை இணைக்கும் அதே ஸ்விட்ச் பெட்டியில் இன்னொரு ஓட்டையில் செருகியிருக்கிறான். அவ்வளவுதான், லூப் விழுந்துவிட்டது, அதாவது தகவல் திரும்பத் திரும்பச் சுற்றும் வளையம்.

மாசி வீதி நான்கும் சுற்றி வந்து சேருவதுபோல அந்த வயரில் தகவல் சுற்றும். இத்தனை சுற்றுக்கு மேல் செத்துப்போ என்று சொல்லும் எண்ணிக்கை அந்த வயரில் ஓடும் ஈதர்நெட் தகவல் பொட்டலத்தில் கிடையாது. எல்லாருக்கும் என்று அனுப்பிய பொட்டலத்தை ஒவ்வொரு ஸ்விட்சும் நகல் எடுத்து எல்லா வாசலிலும் தள்ளும். நகல் பெருகிப் பெருகி வழியே அடைத்துக்கொள்ளும். அந்த ஸ்விட்சில், லூப் உண்டாக்கும் பாதையை மூடிவிடும் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டேன், ஒரு நிமிடத்துக்குள் விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. அந்த ஸ்பேனிங் ட்ரீதான் பெர்ல்மன் எழுதியது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் 'தாய்' என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் கையில் என்ன மிஞ்சும்?

நாகமலை:
இருவருமே அமெரிக்காவைச் சுற்றியே பேசுகிறீர்கள். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து முடித்தவர் அ. லலிதா. பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்கம்பித் தடங்களுக்கு வேலை செய்தவர். 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போனவர். தட்டிக்கு அவர் படம் போதாதா? நம் பிள்ளைக்குப் பெர்ல்மன் படித்த அமெரிக்காவின் எம்ஐடி எட்டாத தூரம், கிண்டி எட்டுகிற தூரம்.

தெற்குவாசல்:
லலிதா அவர்களுக்குத் தனி மேசையே இருக்கிறது ஐயா. வாசலில் கணினித் துறைக்காரர் வேண்டும் என்பதால்தான் பெர்ல்மன்.

கேபிள்காரி:
எட்டாத தூரம் என்பதை நான் ஏற்கமாட்டேன் ஐயா. பெர்ல்மன் 1951இல் பிறந்தவர். பெற்றோர் இருவருமே பொறியியல், கணக்குத் துறை ஆட்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையே பள்ளியில் முதல் புரோகிராமிங் வகுப்பில் பயந்துபோனார். மற்றவர்கள் சின்ன வயதிலேயே ரேடியோ செய்ததைப் பற்றிப் பேசியதும், இனி இவர்களை எட்டிப் பிடிக்க முடியாது என்று ஒடுங்கிவிட்டார், அந்த வகுப்பில் ஒன்றும் கற்கவில்லை என்று அவரே சொல்கிறார். எம்ஐடியில் அவர் சேர்ந்த ஆண்டு சுமார் 1,000 பேரில் பெண்கள் 50 பேர் அளவில்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து முதல் தடவை லேப்டாப்பைத் திறக்கிற பெண்ணுக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். எனக்கும் தெரியும், முதல் வருடம் லேபில் கை நடுங்கி நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் காட்ட நினைப்பது இந்தப் பெர்ல்மனை.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
இதையெல்லாம் தட்டியில் எழுத முடியுமா? உள்ளே மேசையில் சொல்லுங்கள், யார் தடுத்தது? வாசலுக்கு ஒரு சொல் வேண்டும், அது 'தாய்'. நீங்கள் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பேனிங் ட்ரீ 1985 சரக்கு. ஒரு வயர் அறுந்தால் பழைய முறையில் மாற்றுப் பாதை திறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால்தானே 2001இல் வேகமான பதிப்பு வந்தது. பழைய சரக்கை வைத்துப் பெருமை பேசுவதைவிட அவருடைய ஆளுமையைப் பேசலாம்.

கேபிள்காரி:
பழையது என்றால் மட்டமா அண்ணே? கல்லணையை யாரும் பழைய சரக்கு என்று சொல்வதில்லை.

பெர்ல்மன் 1980இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். பெட்டிகளைச் சேர்த்துக்கட்டும்போது லூப் விழாமல் ஒரு வழி வேண்டும், நெட்வொர்க் எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு பெட்டிக்குத் தேவைப்படும் நினைவகம் கூடக்கூடாது என்பது மேலாளர் போட்ட நிபந்தனை. பெர்ல்மன் கண்ட வழியில் எந்தப் பெட்டிக்கும் ஊர் முழு வரைபடம் தெரிய வேண்டியதில்லை. எல்லாம் தங்கள் எண்ணைப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். சிறிய எண் உள்ளது வேர். மற்றவை வேருக்குப் போகும் சிக்கனமான பாதையை மட்டும் வைத்துக்கொண்டு, லூப் உண்டாக்கும் பாதையை மூடிவிடும். பாதை அறுந்தால் மூடியது திறக்கும். யாரும் நடுவில் உட்கார்ந்து உத்தரவு போடுவதில்லை. 1985 கட்டுரையின் தொடக்கத்தில் மரத்தைப் பற்றி ஒரு குட்டிக் கவிதையையும் சேர்த்தார்.

முனைவர் பட்டம் வாங்கியதே 1988இல்தான், அதாவது இதற்கு அப்புறம். பிறகு தன் ஸ்பேனிங் ட்ரீக்கு மாற்றாக டிரில் என்ற முறையை வடிவமைக்க முன்னால் நின்றதும் அவரேதான். தன் வேலையைத் தானே தாண்டிப் போனவரிடம் 'பழைய சரக்கு' என்ற குறையை எப்படி வைப்பீர்கள்?

மீனாட்சியைச் சொன்னீர்கள். சித்திரைத் திருவிழாவில் அவளுக்கு முதலில் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதற்கு அடுத்த நாள்தான் திருக்கல்யாணம். நம் ஊரே முதலில் அவளைச் செங்கோல் பிடித்த அரசியாகத்தான் கும்பிடுகிறது.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
அந்தக் கடைசிப் பத்திக்கு என்னிடம் உடனே பதில் இல்லை தங்கச்சி. 'தாய்' என்பதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, செர்ஃபைத் தந்தை என்கிறவரை விடமாட்டேன். ஆனால் அந்த லூப்பைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம். வீட்டில் பழைய ஸ்விட்ச் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் ஸ்பேனிங் ட்ரீயைப் போடவும் அணைக்கவும் முடியும். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கேபிளைப் பிள்ளைகளே செருகட்டும்.

தெற்குவாசல்:
அப்படியானால் தட்டியில் இப்படிப் போடுகிறேன்: 'ரேடியா பெர்ல்மன். ஒரு கேபிள் தப்பாகச் செருகினால் மொத்த நெட்டும் படுத்துவிடாமல் காப்பவர். எப்படி? உள்ளே வந்து நீங்களே செருகிப் பாருங்கள்.' கேபிள்காரி அக்கா, நாகமலை ஐயா, நாளை காலைக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகமலை:
லலிதா மேசை வாசலை ஒட்டி இருக்கட்டும். அதற்கு மட்டும் உறுதி கொடுங்கள்.