மைக்ரோமீட்டருக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிடிக்கும் கைக்கு?

வியாசர்பாடி ஆய்வாளர்:
தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் தர ஆய்வாளராக இருக்கிறேன். போன மாதம் 25 மி.மீ. தண்டு ஒரு லாட் முழுவதும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. 24.98 முதல் 25.02 வரை இருக்கலாம். எங்கள் பதிவேட்டில் 24.99, அவர்கள் அளந்தால் 24.97. தண்டின் தடிமனை அளக்கும் திருகுக் கருவியான மைக்ரோமீட்டருக்கு, சரியாகக் காட்டுகிறது என்ற கேலிபரேஷன் சான்றிதழ் இரு பக்கத்திலும் இருந்தது. அதே தண்டை இரண்டு ஷிப்ட் ஆட்களையும் அளக்கச் சொன்னேன். பகல் ஆள், அளவான அழுத்தம் வந்ததும் நழுவும் ராட்செட் திருகை மூன்று முறை சொடுக்கும் வரை சுழற்றினார், 24.97. இரவு ஆள் தண்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, தொட்டதும் நிறுத்திவிட்டார், 24.99. அந்த லாட் இரவு ஷிப்டில் ஓடியது.

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நிற்கும் ஒவ்வொருவருக்கும் தன் அளவைத் தானே சோதிக்கும் பயிற்சி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். எம்.எஸ்.ஏ., அதாவது அளவீட்டு முறையையே சோதிப்பது, என்று தணிக்கைக் கோப்பில் தூங்குகிறதே, அதுதான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாதவரம் பட்டறை:
வேண்டாம் என்பேன். என்னிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். ஆலோசகர் ஒருவரை வைத்து இதைச் செய்தும் பார்த்தேன். ஒரு நாள் உற்பத்தி போயிற்று, கட்டணமும் போயிற்று. கையில் கிடைத்தது, எங்கள் அளவீட்டில் 62 சதவீதம் பிழை என்ற ஒரு தாள். 10-க்குள் இருந்தால் நல்லது, 30-க்கு மேல் போனாலே அந்த முறை ஏற்கத்தக்கதல்ல என்றார். அதே மைக்ரோமீட்டரால் அளந்த பொருளைத்தான் பல ஆண்டுகளாக அனுப்புகிறேன், திரும்பி வந்ததில்லை. நன்றாக அளக்கத் தெரிந்த ஒருவரை ஆய்வுக்கு வையுங்கள். மற்றவர்கள் வேலையைப் பார்க்கட்டும்.

திருவொற்றியூர் டர்னர்:
31 ஆண்டுகள் லேத்தில் நின்றவன் சொல்கிறேன். பயிற்சி என்ற பெயரில் தொழிலாளிக்குத் தேர்வு வைக்கிறார்கள். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் யார் யாருக்கு எவ்வளவு வேறுபாடு என்று பெயரோடு பலகையில் ஒட்டினார்கள். அடுத்த மாதம் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதன்பின் நாங்கள் முதலில் வந்த எண்ணையே மூன்று முறையும் எழுதினோம். பயம் இருக்கும் இடத்தில் உண்மை அளவு கிடைக்காது, தம்பி.

இன்னொன்று. அந்த இரவு ஆள் தண்டைச் சூட்டோடு அளந்தாரா என்று கேட்டீர்களா? மணிக்கு இத்தனை என்று விரட்டினால் யார் ஆறவைத்து அளப்பார்கள்?

வியாசர்பாடி ஆய்வாளர்:
ஐயா, கேட்கவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் கேட்டேன். சூட்டோடுதான் அளந்திருக்கிறார். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) விரியும். தண்டு மைக்ரோமீட்டரைவிட 30 டிகிரி சூடாக இருந்தால் 25 மி.மீ.க்கு 0.009 வரை கூடுதலாகக் காட்டும். எங்களுக்கு அனுமதித்த இடைவெளியே 0.04. அதில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு சூட்டிலேயே போய்விடுகிறது. அவரை மட்டும் குறைசொல்லி முதல் பதிவை எழுதியது என் தவறு.

மாதவரம் ஐயாவுக்கு: ஒரே ஆய்வாளர் போதும் என்கிறீர்கள். அவர் மேசைக்குத் தண்டு வரும் முன்பே லேத்தில் நிற்பவர் தன் அளவை நம்பி டூலை நகர்த்திவிடுகிறார். தவறான அளவை நம்பித் திருத்தினால் சரியாக ஓடும் வேலையும் கெடும். சான்றிதழ் சொல்வது, 20 டிகிரி அறையில் தெரிந்த அளவுள்ள ஸ்லிப் கேஜ் என்ற உலோகக் கட்டையை அந்தக் கருவி எப்படிக் காட்டியது என்பதை. ஒரே ஆள் ஒரே தண்டைத் திரும்ப அளந்தால் எவ்வளவு மாறும், ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதை அது சொல்லாது.

நான் கேட்கும் சோதனை இவ்வளவுதான்: 10 தண்டு, 3 பேர், ஒவ்வொரு தண்டையும் ஆளுக்கு 3 முறை, 90 அளவுகள். ஓர் அளவுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். தண்டின் எண்ணை அளப்பவர் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் கலைக்க வேண்டும், முந்தைய எண் கண்ணில் படக் கூடாது. தாளில் பெயர் வேண்டாம். அ, ஆ, இ போதும். கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

மணலி ஆய்வகம்:
எங்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. நிறம் மாறும் வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனில் மாதிரி செலவாகிவிடும், அதையே மறுபடி அளக்க முடியாது. ஒரே பாட்டிலை நன்றாகக் கலக்கிப் பிரித்து, வெவ்வேறு எண் போட்டு, சொல்லாமல் கொடுக்கிறோம். நிறம் மாறும் கணத்தை ஆளுக்கு ஆள் வேறாகப் பார்ப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் 10, 30 என்ற எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். அது, எண்களின் மொத்தச் சிதறலோடு அளவீட்டால் வரும் சிதறலை ஒப்பிடும் திட்டவிலக்க விகிதம். 30 சதவீதம் என்பது மாறுபாட்டுக் கணக்கில், அதாவது வர்க்கத்தில், வெறும் 9 சதவீதம். 31 வந்ததற்காகக் கருவியைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதவரம் பட்டறை:
அப்படியானால் என் 62-க்கு என்ன பொருள்?

வியாசர்பாடி ஆய்வாளர்:
அந்தப் பத்துப் பொருள்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?

மாதவரம் பட்டறை:
அன்று ஓடிய டிரேயிலிருந்து, வரிசையாக.

வியாசர்பாடி ஆய்வாளர்:
அங்கேதான் சிக்கல். அடுத்தடுத்து ஓடியவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பொருளுக்குப் பொருள் வேறுபாடு சிறியதானால் அளவீட்டின் பங்கு பெரியதாகத் தெரியும். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஷிப்டில் எடுங்கள். எல்லைக்கு வெளியே போன இரண்டு மூன்றையும் சேருங்கள். அனுமதித்த இடைவெளியோடு ஒப்பிட்டும் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் மைக்ரோமீட்டர் எதுவரை காட்டும்?

மாதவரம் பட்டறை:
0.01. இடைவெளி உங்களுடையதைப் போலவே 0.04.

மணலி ஆய்வகம்:
இடைவெளியில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்ட வேண்டும் என்பது நடைமுறை. 0.004 தேவை, 0.01 போதாது. 0.001 காட்டும் கருவி வாங்கித்தான் ஆக வேண்டும்.

மாதவரம் பட்டறை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். குறை கருவியில் இருந்திருக்கிறது. அதற்குப் பதினான்கு பேருக்கும் எதற்குப் பயிற்சி? அந்தப் பணத்துக்கு நல்ல கருவி வாங்கிவிடுவேனே.

திருவொற்றியூர் டர்னர்:
வாங்குங்கள். ஆனால் 0.001 காட்டும் கருவியை, ராட்செட்டை விட்டுவிட்டுத் திம்பிள் என்ற சுழலும் உருளையைப் பிடித்து இறுக்கினால் அந்தக் கடைசி எண்ணுக்கு என்ன மதிப்பு? நுட்பமான கருவிக்குக் கை இன்னும் பழக வேண்டும். பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணைக் காட்டி ஆளை அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

மாதவரம் பட்டறை:
சரி. சனிக்கிழமை பிற்பகல், மூன்று பேரோடு செய்து பார்க்கிறேன், ஆலோசகர் இல்லாமல். ஐயா, நீங்கள் வந்து நிற்க முடியுமா?

திருவொற்றியூர் டர்னர்:
வருகிறேன். இரண்டு நிபந்தனை. அளந்த தாள்கள் அந்த மூவரிடமே இருக்க வேண்டும். பொருள்களை முந்தின நாள் மாலையே மைக்ரோமீட்டர் பெட்டிக்கு அருகில் எடுத்து வைத்துவிடுங்கள்.