மறு: விண்ட் பேண்ட், ஹிம் டியூன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. நாம் எழுதும் இசைக் கட்டுரைக்காக, ஊதும் கருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த 'விண்ட் பேண்ட்' குழுவுக்கும், தேவாலயப் பாட்டின் மெட்டான 'ஹிம் டியூனு'க்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதற்கு என் பதில் இது.

> துளைக்கருவிக் குழு என்றே வைக்கலாமே. பழைய வகைப்பாட்டில் உள்ள சொல்.

பழைய சொல்லை விட எனக்கும் மனமில்லை. சங்கும் கொம்பும்கூட அதில் அடங்கும், சரி. ஆனால் இன்று துளை என்றதும் விரலால் மூடும் துளைதான் நினைவுக்கு வருகிறது. குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளைக் கருவியான டிராம்போனில் அது கிடையாது. ஊதுவது எல்லாவற்றுக்கும் பொது. அதனால் என் வாக்கு 'ஊதுகருவிக் குழு'வுக்கு.

> தாளக்கருவிகளும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும், இசையமைப்பாளர் கரெல் ஹூசாவின் 'பிராக் 1968க்கான இசை'யில் மூன்றாம் பகுதி முழுவதும் தாளக்கருவிகள் மட்டுமே. ஆனாலும் தயங்க வேண்டியதில்லை. நாகசுரம் முன்னிற்கும் குழுவைப் பெரிய மேளம் என்றுதானே சொல்கிறோம்? ஒரு பாதியின் பெயர் முழுமைக்கு நிற்பது நமக்குப் பழக்கமானதே.

அடுத்து ஹிம் டியூன். இதில்தான் கவனம் வேண்டும். 'திருப்பாடல்' என்றால் கத்தோலிக்கருக்கு விவிலியத்தின் சங்கீத நூல். 'துதிப்பாடல்' இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. ஹூசா எடுத்தாண்டது 15ஆம் நூற்றாண்டு ஹுஸ்ஸைட்டுகளின் (செக் நாட்டுச் சமயச் சீர்திருத்தக்காரர் யான் ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்கள்) பாட்டு. கடவுளின் போர்வீரர்களை அழைத்துக் களத்துக்கு அனுப்பும் பாட்டு அது. 'ஞானப்பாட்டு' பக்தி, போர் அழைப்பு இரண்டையும் தாங்கும், தேவாலயங்களில் புழங்கும் சொல்லும்கூட.

கூடவே 'மெட்டு' கட்டாயம் வேண்டும். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகில் பிறந்த ஹூசா அமெரிக்காவில் இருந்தபோது, 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் அந்நகருக்குள் நுழைந்தன. அதற்குப் பதிலாக அவர் எழுதிய இசையில் பாடகர் இல்லை, சொல்லும் இல்லை. தொடக்கத்தில் பிக்கலோ (சிறிய புல்லாங்குழல்) பறவைபோலக் கூவ, அடியில் டிம்பனி (சுரம் சேர்த்த பெரிய முரசுகள்) அந்த ஹுஸ்ஸைட் பாட்டின் மெட்டின் முதல் சுரங்களை மிக மெதுவாகத் தட்டும். பல முறை கேட்டவர்கள்கூட அதைத் தவறவிடலாம். முடிவில் அதே மெட்டு குழு முழுவதும் ஒரே குரலாக ஒலிக்கும். ஆனால் பாட்டு முழுமையாக ஓரிடத்திலும் வராது. இப்படி மெட்டின் துண்டுகளே எல்லாவற்றையும் சுமக்கும்போது, வெறும் 'ஞானப்பாட்டு' என்று எழுதினால் படிப்பவர் பாடகர்களைத் தேடுவார்.

ஆகவே, 'ஞானப்பாட்டு மெட்டை அடிப்படையாகக் கொண்ட ஊதுகருவிக் குழுப் படைப்பு' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் தெளிவு. டிம்பனியை அப்படியே விட்டுவிடலாம். 'முரசு' என்றால் சுரம் சேர்த்து வாசிக்கும் கருவி என்பது போய்விடும்.

அப்புறம், ஹூசாவின் இசையில் கடைசிப் பகுதியின் தலைப்பில் உள்ள 'கோரல்' எனக்கு இன்னும் சிக்கவில்லை. 'சேர்ந்திசை' என்றால் பாடகர் குழு ஆகிவிடுகிறது. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த நண்பர்கள் யாராவது, நான்கு குரல்களும் ஒரே நடையில் நகரும் பாட்டை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்களேன்.