மூன்று பிளேயர், ஒரே சிடி, மூன்று விதமான சத்தம்: கோளாறு எங்கே? உதவி தேவைங்க

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து:

வணக்கங்க. விஷயம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்து யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) 1997-இல் வாங்கிய சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. சிடியைத் தவிர வேறு எதையும் படிக்காது. அதற்கப்புறம் வந்தது ஒரு சாதாரண டிவிடி பிளேயர். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் சிடி, டிவிடி, அப்புறம் பாட்டுக்கென்றே வந்த உயர்தரத் தட்டுகளான டிவிடி-ஆடியோ, எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) எல்லாம் படிக்கிற பிளேயர் ஒன்று 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது. நல்ல கனம், உடம்பில் கீறல்கூட இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஸ்டீரியோ. ஸ்பீக்கர் இரண்டுதான், சப்ஊஃபர் (அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) கிடையாது.

மூன்றிலும் ஒரே நாதஸ்வர சிடியைப் போட்டுக் கேட்டேன். டிவிடி பிளேயரில் எல்லாம் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது. அப்புச்சியின் பிளேயரில் நிதானமாக இருக்கிறது. புதிதாக வாங்கியதில்தான் மனசு ஒடிந்துவிட்டது. தவிலின் வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டக்டக்கென்று கேட்கிறது, தொப்பி என்கிற இடது பக்கத்து அடி வயிற்றில் விழவே இல்லை. நண்பர் கொடுத்த எஸ்ஏசிடியில் பாடுகிறவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கிறது. இதோடு, டிவியை இணைத்துவிட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு.

கடைக்காரர் டாக் சிப் (தட்டில் உள்ள எண்களைச் சத்தமாக மாற்றுகிற சிப்) போய்விட்டது, மாற்ற 3,000 ஆகும் என்கிறார். மாற்றலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? உண்மையில் இந்த மூன்றில் எதன் சத்தம்தான் நல்லது?

திருப்பூரிலிருந்து:

சிப் மேல் கை வைக்காதீங்க. முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிளேயரின் பின்பக்கம் எந்த ஓட்டையில் வயர் சொருகியிருக்கிறது? மூன்றையும் கேட்டபோது வால்யூம் எப்படி வைத்தீர்கள்?

கோபி:

பின்னால் தனியாக ஒரு சிவப்பு-வெள்ளை ஜோடி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 5.1 என்று போட்டு ஆறு ஓட்டைகள். கடைக்காரர் அந்த ஆறில் முன் இடது, முன் வலது இரண்டில் சொருகிக் காட்டினார், நானும் அப்படியே வைத்திருக்கிறேன். வால்யூம் குமிழ் மூன்றுக்கும் ஒரே இடத்தில்தான் இருந்தது, அதில் கவனமாக இருந்தேன்.

பெருந்துறையிலிருந்து (மைக்செட் வைத்திருக்கிறேன், 26 வருசம்):

தம்பி, குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் சத்தமும் ஒரே அளவு என்று நினைப்பதுதான் முதல் தப்பு. சிடி பிளேயர்கள் பெரும்பாலும் 2 வோல்ட் அளவில் வெளியே கொடுக்கும். டிவிடி பிளேயர்களில் அது கூடும், குறையும். ஒரு மிஷின் இன்னொன்றைவிட ஒரு டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) கூடுதலாகக் கொடுத்தாலும், நம் காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது. 'தெளிவு கூட' என்றுதான் சொல்லும். கோயில் நோம்பிக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒத்திப் பார்க்கும்போது நானே இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன். அதனால் சமப்படுத்தாமல் எதையும் ஒப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இப்படிச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் தாழ்ந்த சுருதியில் 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு நிமிடம், அதைவிட உயர்ந்த 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு நிமிடம் உருவாக்குங்கள். அளவை மைனஸ் 20 டெசிபெல்லில் வையுங்கள், ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. அதை ஆடியோ சிடியாகவே எழுதுங்கள், எம்பி3 வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் பாஸ், டிரெபிள் இரண்டும் நடுவில் இருக்கட்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து எழுதுங்கள். கடையில் கிடைக்கிற சாதா மீட்டர் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏசியை நம்பும்படி காட்டும், அதனால்தான் 1,000-க்குப் போகவில்லை.

அப்புச்சியின் பிளேயரில் 1 வோல்ட் வருகிற இடத்தில் குமிழை நிறுத்திக்கொண்டு, அதைத் தொடாமல் மற்ற இரண்டையும் அளந்துவிட்டு வாங்க.

கோவையிலிருந்து (மின்னணுவியல் பாடம் நடத்துகிறேன்):

அண்ணன் சொன்ன அளவு மிகச் சரி. இரண்டு ஒலியில் எடுக்கச் சொன்னதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எனக்கு இப்போதே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் உங்கள் எண்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

கோபி:

அளந்துவிட்டேன். அப்புச்சியின் பிளேயர் 100-இல் 1.00, 400-இல் 1.00. டிவிடி பிளேயர் இரண்டிலும் 1.30. புதியது 400-இல் 0.97, ஆனால் 100-இல் 0.68 மட்டும்தான். இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், மாறவில்லை.

கோவை:

நினைத்தது சரிதான். உங்கள் டாக் சிப் நன்றாக இருக்கிறது. டாக் கெட்டால் இரைச்சலோ உடைந்த சத்தமோ வரும். இப்படி 400-ஐ விட்டுவிட்டு 100-ஐ மட்டும் அளந்து வெட்டாது. இது பிளேயரின் மெனுவில் யாரோ போட்டுவைத்த ஏற்பாடு.

இந்த வகைப் பிளேயர்கள் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் உள்ள வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'பெரியது' அல்லது 'சிறியது' என்று இருக்கும். முன் ஸ்பீக்கரைச் 'சிறியது' என்று வைத்தால், ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை அதிலிருந்து எடுத்துச் சப்ஊஃபர் ஓட்டைக்கு அனுப்பிவிடும். அந்த ஓட்டையில் உங்கள் வீட்டில் வயரே இல்லை. தவிலின் தொப்பி அடி போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

பாடுகிறவர் பின்னால் போனதற்கும் இதே குடும்பத்துக் காரணம். உங்கள் எஸ்ஏசிடியில் ஸ்டீரியோ பகுதி ஒன்று, ஐந்தாறு ஸ்பீக்கருக்கான பலசானல் பகுதி ஒன்று என இரண்டு இருக்க வேண்டும். பலசானல் பகுதி ஓடினால் குரல் பெரும்பாலும் நடு சானலில் வரும். நடு சானலுக்கும் நீங்கள் வயர் போடவில்லை. முன் இரண்டில் கசிகிற மிச்சக் குரலைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: வயரை அந்தத் தனி ஜோடிக்கு மாற்றுங்கள். மெனுவில் முன் ஸ்பீக்கர் 'பெரியது', சப்ஊஃபர் 'இல்லை', நடு, பின் எல்லாம் 'இல்லை'. எஸ்ஏசிடிக்கு '2 சானல்' என்று தேர்ந்தெடுங்கள். பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

டிவிடி பிளேயர் 1.30 காட்டுவது சுமார் 2.3 டெசிபெல் கூடுதல். உங்களுக்குப் பளிச்சென்று பட்டதில் பெரும்பங்கு அதுதான். அதன் மெனுவிலும் ஈக்வலைசர், சரவுண்ட் என்று எதாவது ஓடுகிறதா பாருங்கள். மீட்டரில் அது தெரியாது.

சோமனூரிலிருந்து:

நான் ஒன்று சேர்க்கலாமா? எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் தறிக்குடோன். விசைத்தறி ஓடுகிற நேரத்தில் எந்தப் பிளேயரும் ஒன்றுதான். சிடியின் 16 பிட்டிலேயே மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடம் இருக்கிறது. அதில் கீழ்ப்பாதியைத் தறிச் சத்தமே விழுங்கிவிடுகிறது. தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் கேட்டால் அதே சிடியில் வாசிப்பவர் மூச்சிழுப்பது வரை தெரிகிறது. 6,500 செலவு செய்யும் முன்னால் ஜன்னல் இடுக்கை அடைப்பது நல்லதுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:

எல்லாமே மெனுவும் வால்யூமும்தான் என்று முடித்துவிடாதீர்கள். எஸ்ஏசிடி 1999-இல் வந்த வேறு தொழில்நுட்பம். சிடி வினாடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கிறது. எஸ்ஏசிடி அதைப்போல் 64 மடங்கு, அதாவது 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 முறை, ஒரு பிட் வீதம். டிவிடி-ஆடியோ ஸ்டீரியோவில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். என் வீட்டில் ஒரே தட்டில் எஸ்ஏசிடி அடுக்கையும் சிடி அடுக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் நிச்சயமாகத் தெரிகிறது.

கோவை:

தெரிவது உண்மை. அது தட்டின் வடிவத்தால்தானா என்பதே கேள்வி. ஒரே தட்டானாலும் இரண்டு அடுக்கையும் வேறு வேறாக மாஸ்டர் செய்வது (பதிவுக்குக் கடைசி மெருகு கொடுப்பது) உண்டு. எஸ்ஏசிடியின் அளவு முறையும் வேறு என்பதால், பல பிளேயர்களில் அந்த அடுக்கு சில டெசிபெல் குறைவாகவே வரும்.

இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் பிராட் மேயரும் டேவிட் மோரனும். அவர்களுடைய ஆய்வு 2007-இல் ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வந்தது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ பிளேயரின் சத்தத்தை நேராக ஒருமுறை, 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடியின் தரம், வழியாக நுழைத்து ஒருமுறை, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். ஆனால் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தத் தட்டுகள் பெரும்பாலான சிடிகளைவிட நன்றாகவே இருந்தன, பதிவும் மாஸ்டரிங்கும் அக்கறையாகச் செய்யப்பட்டதால்.

பொள்ளாச்சி:

அந்த ஆய்வோடு கதை முடியவில்லைங்க. 2016-இல் ஜோஷுவா ரைஸ் இதுபோன்ற 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். சிறியதுதான், ஆனாலும் தற்செயல் என்று தள்ள முடியாத அளவு. பழக்கப்படுத்தப்பட்ட காதுகளில் இன்னும் கூடியது.

கோவை:

ஒத்துக்கொள்கிறேன். பழக்கத்தால் கூடியது என்பது முக்கியமான பகுதி. ஆனால் கோபிக்காரருக்கு இப்போது தொலைந்திருப்பது அந்த 2 சதவீதம் இல்லை, தவிலில் ஒரு பக்கம் முழுதாகத் தொலைந்திருக்கிறது. முதலில் அது வரட்டும்.

உடுமலையிலிருந்து:

இடையில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். என் பிளேயரில் டிவிடி நன்றாக ஓடுகிறது, சிடி மட்டும் தாவுகிறது. ஹெட் (தட்டைப் படிக்கிற லேசர் பகுதி) போய்விட்டதா?

பெருந்துறை:

சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் 650. ஒன்று தளர்ந்து இன்னொன்று நன்றாக இருக்கும். முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். கோபிக்காரருக்கும் இதில் ஒன்று உண்டு: 650 தளர்ந்தால் சில பிளேயர், இரண்டு அடுக்குள்ள எஸ்ஏசிடியில் சிடி அடுக்கை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டிவிடும். முன்பக்க விளக்கில் எஸ்ஏசிடி என்று எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 'ம்ம்ம்'. டிவிக்குப் பின்னால் வருகிற கேபிள்காரர் வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால், அந்த வயர் வழியாக வருகிற எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் ஆகியிருக்கிறது. அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். சில பேர் அப்படிச் செய்கிறார்கள். ஒரு கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து.

கோபி:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முன் ஸ்பீக்கர் 'சிறியது' என்றுதான் இருந்தது, நடு, பின், சப்ஊஃபர் எல்லாம் 'உண்டு' என்றும் இருந்தது. மாற்றிவிட்டு வயரைத் தனி ஜோடிக்குப் போட்டேன். இப்போது 100-இல் 0.97, 400-இலும் 0.97. சிடியைப் போட்டதும் தவிலின் இடது கை திரும்பி வந்துவிட்டது. எஸ்ஏசிடி விளக்கு எரிகிறது. 2 சானலுக்கு மாற்றியதும் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

டிவிடி பிளேயரில் சரவுண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, குமிழைக் குறைத்து 1.00-க்குக் கொண்டுவந்ததும் அந்தப் பளிச் பாதி போய்விட்டது.

கேபிள் வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. மெனு மாற்ற மட்டும் டிவியை இணைக்கிறேன், பாட்டுக் கேட்கும்போது எச்டிஎம்ஐ வயரை எடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி மகனை வைத்து ஒரு சோதனையும் செய்தேன். ஒரே சிடிக்கு இரண்டு பிரதி, அப்புச்சியின் பிளேயரில் ஒன்று, புதியதில் ஒன்று. அளவைச் சமப்படுத்திவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன், அவன் மாற்றி மாற்றி வைத்தான். 20 முறையில் 11 சரி. சிடிக்கு இரண்டும் ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன். பிளேயரைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, சிப்பும் மாற்றப் போவதில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. அப்புச்சியின் பிளேயரில் தட்டு வைக்கிற ட்ரே வெளியே வரத் திணறுகிறது, கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. அதை விட மனசில்லை. ரப்பர் பெல்ட் எங்கே கிடைக்கும்?

பெருந்துறை:

பழைய பெல்ட்டைக் கழற்றி, தட்டையாக மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். நீண்டு போயிருக்கும், அதனால் இரண்டு மூன்று மில்லி குறைத்து வாங்கோணும். சதுர வெட்டா, தட்டையா என்பதையும் பாருங்கள். என்னிடம் பழைய டேப்ரெக்கார்டர் பெல்ட் ஒரு டப்பா நிறைய இருக்கிறது தம்பி. அளவைச் சொன்னால் எடுத்து வைக்கிறேன், இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.