துணைப்பாடக் கதையை முதல்லயே தமிழ்ல சொல்லீரலாமா?

நொய்யல்கரை:
பதினொன்னாம் வகுப்பு இங்கிலீஷ் துணைப்பாடத்துல ஓ. ஹென்றியோட 'ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்' இருக்குங்க. இருபது வருசம் கழிச்சுச் சந்திக்கலாம்னு பேசி வெச்ச பாப், ஜிம்மிங்கற ரெண்டு நண்பர்களோட கதை; அதுக்குள்ள பாப் போலீஸ் தேடற ஆளாயிட்டான், ஜிம்மி போலீஸ்காரனாயிட்டான். அவினாசி, பல்லடம் பக்கம் தமிழ்வழியில படிச்சு வர்ற புள்ளைகளுக்கு மொதப் பத்தியே முட்டுது. முழுக் கதையையும் 10 நிமிசம் தமிழ்ல சொல்லீட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கோணும். கதை தெரிஞ்சவனுக்கு வார்த்தைப் பயம் இருக்காது.

கோபி வாய்க்கால்:
ஒத்துக்க முடியாதுங்க. காத்திருக்கற பாப்கிட்டப் பேசற ரோந்து போலீஸ்காரர்தான் ஜிம்மிங்கறது, கடைசியில பாப் கைக்கு வர்ற சீட்டுலதான் தெரியும். அதை முன்னாடியே சொல்லீட்டா படிக்கறதுக்கு என்ன மிச்சம்? ரெண்டு எடத்துல நிறுத்துங்க, போதும். ஒண்ணு, இரும்புக்கடை வாசல் இருட்டுல பாப் தீக்குச்சி கிழிக்கற எடம். வெளிச்சத்துல என்னென்ன தெரியுதுன்னு புள்ளைகளையே தேட விடுங்க: சதுரத் தாடை, வலது புருவத்துகிட்ட வெள்ளைத் தழும்பு, வைரப் பின். இன்னொண்ணு, நண்பன் நேரத்துக்கு வரலைன்னா உடனே போயிருவீங்களான்னு போலீஸ்காரர் கேக்கற எடம். அரை மணி நேரமாவது இருப்பேங்கறான் பாப். அந்தக் கேள்வி எதுக்கு? 20 நிமிசத்துல ஜிம்மி மாதிரி வேறொரு ஆள் வந்து நிக்கறான். இதைக் கணக்குப் போடற புள்ளை, சொல்லாமயே பக்கத்தைப் பின்னாடி திருப்பும்.

நொய்யல்கரை:
45 நிமிச பீரியடு, அம்பது அறுபது பேரு. பேசச் சொன்னா முன்பெஞ்சு நாலு பேருதான் பேசுவாங்க.

பெருந்துறை மாணவி:
இங்கிலீஷ்லயே பேசோணும்னா அப்படித்தானுங்க ஆகும். 'ஹீ இஸ் எ குட் மேன்'ங்கறதோட நின்னுரும். நண்பனைக் காட்டிக்குடுத்தது சரியான்னு தமிழ்ல கேளுங்க, கடைசி பெஞ்சும் சண்டைக்கு வரும். அதைவிடப் பெரிய கெடுதல் ஆளுக்கொரு பத்தி வாசிக்க வெக்கறது. தன் பத்தி எதுன்னு எண்ணி, அதை மட்டும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருப்பாங்க; மத்தவங்க வாசிக்கறது காதுலயே ஏறாது. ஆசிரியர் வாசிக்க, புள்ளைக வரியில கண்ணை ஓட்டறது எவ்வளவோ மேல்.

கோபி வாய்க்கால்:
தமிழ்ல பேசட்டும், ஆனா எந்த வரியை வெச்சுச் சொல்றாங்கன்னு விரல் வெச்சுக் காட்டோணும். தன் கையால பிடிக்க முடியலைன்னு ஜிம்மி சீட்டுல எழுதியிருக்கான். அந்த வரியைப் பாக்காமப் பேசுனா ஊர்ப் பஞ்சாயத்துத்தான் நடக்கும்.

நொய்யல்கரை:
அதே வரியில 'ப்ளெய்ன் க்ளோத்ஸ் மேன்' வருதே? சாதாத் துணி போட்டவர்னு நெனச்சா முடிவே புரியாது. 'பக் நோஸ்'னாலும் முழிப்பாங்க.

கோபி வாய்க்கால்:
மப்டி போலீஸ், சப்பை மூக்குன்னு ஆரம்பத்துலயே போர்டுல எழுதிப் போடுங்க.

பெருந்துறை மாணவி:
மப்டி போலீஸ்னு எழுதுனா அங்கயே குட்டு உடைஞ்சுருமுங்களே! மூக்கை மட்டும் எழுதுங்க. மருந்துக்கடை வெளிச்சத்துல ஜிம்மி இல்லைன்னு பாப் கண்டுபிடிக்கறதே மூக்கை வெச்சுத்தான். மப்டியைச் சீட்டு படிக்கறப்பச் சொன்னாப் போதும்.

நொய்யல்கரை:
அது நியாயம். மொத ரெண்டு பத்தியை மட்டும் தமிழ்ல சொல்றேன்; போலீஸ்காரர் மிடுக்கா நடந்து வர்ற அந்த நீள வாக்கியத்தைப் புள்ளைக தனியாத் தாண்ட முடியாதுங்க. இதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.