கறிக்கோழித் தீவனத்தில் ‘ஃபைட்டோஜெனிக்’: ‘தாவரச் சேர்மானம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓமம், பூண்டு, இலவங்கப்பட்டை, ஆரிகனோ என்ற மணமூலிகை முதலியவற்றின் தூளையும் சாரத்தையும் எண்ணெயையும் கறிக்கோழித் தீவனத்தில் சேர்ப்பதை ‘ஃபைட்டோஜெனிக் ஃபீட் அடிட்டிவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இக்குழுவில் உறுப்பினர்கள் முன்வைத்த ‘தாவர வளர்ச்சியூக்கி’, ‘மூலிகைத் தீவனம்’, ‘தாவரச் சேர்மம்’ ஆகிய மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை.

‘தாவர வளர்ச்சியூக்கி’ என்றதும் எந்த உழவருக்கும் ஜிப்ரெல்லிக் அமிலம் போல் பயிரின்மேல் தெளிக்கும் பொருளே நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. கோழித்துறையில் வளர்ச்சியூக்கி என்ற பெயர், நோய் இல்லாதபோதும் சிறிய அளவில் நாள்தோறும் தீவனத்தில் கலந்துவந்த நுண்ணுயிர் எதிரிகளோடு ஒட்டிக்கொண்டது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருகுகின்றன என்ற கவலையால் அந்தப் பழக்கத்தை ஸ்வீடன் 1986இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுமையாக விலக்கியது. இந்தியாவும் 2019இல் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிரியைக் கால்நடை, கோழித் தீவனத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. இவ்வாறு விலக்கப்பட்டவற்றுக்கு மாற்றாகத் தேடப்பட்ட பொருள்களுக்கு அவற்றின் பெயரையே சூட்டுவது முறையாகாது.

‘மூலிகைத் தீவனம்’ அளவிலேயே பிழைபடுகிறது. கோழித் தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும்தான். ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம் மட்டுமே சேரும் எண்ணெய்ப் பொருளைத் தீவனம் என்று எப்படி அழைப்பது? மூலிகை என்ற சொல்லும் உடனே மருந்தை நினைவூட்டுகிறது. பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் தண்ணீரில் ஊற்றும் லிவர் டானிக் முதல் தீவனத்தில் கலந்து வரும் பொடிவரை எல்லாமே ‘மருந்து’தான். ஆனால் நாம் பேசும் பொருள்கள் நோய் தீர்க்கும் மருந்தல்ல. ஓமத்தில் உள்ள தைமாலும் ஆரிகனோவில் உள்ள கார்வக்ராலும் குடலில் உள்ள சில பாக்டீரியாக்களின் செல் சவ்வைச் சிதைக்கின்றன. மிளகாயின் காரப்பொருள் செரிமானச் சுரப்புகளைத் தூண்டுகிறது. பயன் கிடைத்தால், தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை கூடும். தாவரத்தின் ரகம், விளைந்த மண், அறுவடைக் காலம் ஆகியவற்றைப் பொறுத்து வீரியம் மாறுவதால் அந்தப் பயனும் ஒரே சீராக இருப்பதில்லை. இதை மருந்து என்று நம்பி, கழிச்சல் கண்ட கொட்டகைக்குக் கால்நடை மருத்துவரை அழைக்கக் காலம் தாழ்த்தினால் இழப்பு கோழி வளர்ப்பவருக்குத்தான். ஆகவே பெயரிலேயே அந்த மயக்கம் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘சேர்மம்’ வேதியியலில் ‘காம்பவுண்ட்’ என்ற வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொல். தைமால் ஒரு சேர்மம். ஓம எண்ணெயோ பல சேர்மங்களின் கலவை.

எனவே பொதுப்பெயராகத் ‘தீவனச் சேர்மானம்’ என்பதையும், அதன் ஒரு வகையாகத் ‘தாவரச் சேர்மானம்’ என்பதையும் முன்மொழிகிறேன். சேர்மானம் என்பது மசாலாவுக்கும் சித்த மருந்துக்கும் நம் வீடுகளில் வழங்கும் சொல். சிறிய அளவில் சேர்ந்து பயன் தருவது என்ற குறிப்பு அதிலேயே உண்டு. ‘கலப்பு’ என்று தொடங்கினால் கலப்படத்தின் நிழல் விழும். ‘இயற்கை’ என்ற அடைமொழியும் வேண்டியதில்லை. தைமாலை ஆலையில் செயற்கையாகவும் செய்கிறார்கள், ‘தாவர’ என்ற அடையே அதை விலக்கிவிடும்.

இதன் உட்பிரிவுகளில் உலர்த்தி அரைத்ததைத் தாவரத்தூள் எனலாம். கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்ததைத் தாவரச்சாரம் என்பதே பொருத்தம். சாறு என்றால் பச்சிலையைப் பிழிந்தது என்று கொள்வார்கள். நீராவியில் வடித்ததற்கு ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று பலர் எழுதுவதைக் கைவிட வேண்டுகிறேன். அந்த எண்ணெயில் இன்றியமையாதது எதுவும் இல்லை, மணமே அதன் இயல்பு, ஆகவே நறுமண எண்ணெய் போதும். குருணையாக்கும்போது தீவனத்தில் பாய்ச்சும் நீராவியின் சூட்டில் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் மேற்பூச்சு இட்டும் விற்கிறார்கள். அதைப் ‘பூச்சிட்ட நறுமண எண்ணெய்’ எனலாம்.

தீவனப் பையின் சீட்டில் ‘தாவரச் சேர்மானம்: பூச்சிட்ட ஓம எண்ணெய், டன்னுக்கு இத்தனை கிராம்’ என்று அச்சிட்டால் பண்ணையாளருக்குத் தயக்கமின்றிப் புரியுமா என்பதைக் கோழித்துறையில் பணியாற்றும் உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.