சயாம் ரயில் தொடரும் அப்பா சொன்னதும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கித்தாக்காடு:
இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையைப் பற்றிய போர்த் தொடர் ஒன்றை, மலாயாத் தோட்டத்திலிருந்து பிடித்துப் போகப்பட்ட அப்பா சொன்னதோடு வைத்துப் பார்க்கிறேன். நாலு இடத்தில் உதைக்கிறது. தொடரில் முகாமுக்கு முகாம் டாக்டர் இருக்கிறார். அப்பா பேச்சில் டாக்டரே கிடையாது. 'குவாய் பாலம்' என்று அவர் சொன்னதில்லை. காலை ஏழு மணிக்கும் கும்மிருட்டு என்பார். ரயிலை விட்டு இறங்கி நாள்கணக்கில் நடந்தோம் என்பார். எதை நம்புவது?

சிலிப்பர்கட்டை:
அப்பாவை நம்புங்கள். தொடர்கள் காட்டுவது போர்க்கைதிகளை, அதாவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு சிப்பாய்களை. படைப்பிரிவாகவே பிடிபட்டதால் டாக்டர், சமையல்காரர், பெயர்ப்பட்டியல் எல்லாம் அவர்களோடு கூடவே வந்தன. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு கட்டமைப்பே இல்லை.

வாந்திபேதி வந்தபோது இந்த வித்தியாசம் உயிரைக் குடித்தது. கைதிகள் முகாமில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும், சாப்பிடும் தட்டை வெந்நீரில் முக்கவேண்டும், கக்கூஸ் குழியை ஆழமாக வெட்டவேண்டும் என்று உத்தரவு போட ஆள் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்து, ஸ்டெதஸ்கோப் குழாய் வழியாக நரம்பில் ஏற்றினார்கள். கூலிகள் ஆற்றுநீரை அப்படியே குடித்தார்கள். மேல்முகாமில் ஒருவருக்குக் கண்டால், அதே நீரைக் குடிக்கும் கீழ்முகாமுக்கும் வந்துவிடும். 1943 மே, ஜூன் மழையில் இது உச்சம். கூலிகளுக்கென்று ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவக் குழுக்களை அனுப்பியதே 1943 ஜூனில்தான்: முதலில் 230 பேர், ஆகஸ்டில் 115 பேர். அத்தனை ஆயிரம் பேருக்கு இது எம்மாத்திரம்!

மழைக்காலம்:
மற்ற மூன்றுக்கும் வருகிறேன். ஜப்பான் படை பிடித்த ஊரிலெல்லாம் டோக்கியோ நேரம்தான். மலாயாவில் கடிகாரம் ஒன்றரை மணி முன்னே ஓடியது. சயாம் நேரத்துக்கு அது இரண்டு மணி கூடுதல். ஏழு என்றால் நிஜத்தில் ஐந்து, இருட்டாகத்தானே இருக்கும்? பாலம் நிற்கும் ஆற்றின் பெயர் அன்று மே குளோங். 'குவாய் நதிப் பாலம்' (The Bridge on the River Kwai) சினிமா வந்தபிறகு, 1960இல்தான் குவே யாய் ஆனது. அப்பா அந்தப் பெயரைச் சொல்லாதது நல்ல அறிகுறி, நினைவில் படம் கலக்கவில்லை.

நடைக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து இரும்புச் சரக்குப் பெட்டியில் வந்தவர்களைச் சயாமில் உள்ள பான் போங்கில் இறக்கிவிட்டார்கள். 1943 ஏப்ரலில் கிளம்பிய 7,000 கைதிகளையே அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள்.

ஆவணப்பெட்டி:
லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 345 என்ற தொகுப்பின் அட்டைகளில் தேடாதீர்கள், அவை போர்க்கைதிகளுக்கும் முகாம்களில் அடைக்கப்பட்ட நேசநாட்டுக் குடிமக்களுக்கும் ஆனவை, தோட்டத்து ஆட்களுக்கு அல்ல. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளைக் கேளுங்கள். மாதம் கேட்டால் யாருக்கும் குழம்பும். மழையையும் வேலையையும் பிடியுங்கள். தண்டவாளம் இணைந்தது 1943 அக்டோபர் 17. எஞ்சினுக்கு விறகு வெட்டியே காலம் போனது என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. முகாமுக்குப் பெயர் சொல்லாமல் '105 கிலோ' என்று எண் சொன்னால், அது பாதையின் பர்மா முனையான தான்பியூசயாட்டிலிருந்து எண்ணும் பர்மாப் பக்கம்.

கித்தாக்காடு:
பாறையை ஒட்டி வளைந்து போகும் மரப்பாலம், கீழே ஆறு என்பார்.

ஆவணப்பெட்டி:
சயாம் பக்கத்து வாம்போ மரப்பாலமாக இருக்கலாம். ஆனால் கட்டினேன் என்றாரா, கடந்தேன் என்றாரா? அதைக் கட்டியவர்கள் கைதிகள்.