டியூப் எப்போ எடுப்பாங்கன்னு கேளு

குழு: நம்ம வீடு

கார்த்தி, மாலை 5:12
அப்பாவை வார்டுக்கு மாத்திட்டாங்க. இடுப்புல பிளேட் வச்சாச்சு, நல்லா பேசுறார். கையில டிரிப், அப்புறம் யூரின் டியூப். ராத்திரி நான் இருக்கேன்.

தங்கம், மாலை 5:15
முருகா 🙏 நாளைக்குக் காலையில குழந்தைங்களையும் கூட்டிட்டு வரேன்.

சாந்தி, மாலை 5:19
அக்கா, சின்னவனுக்குச் சளி இருக்குல்ல, அவன் வேண்டாம். ஒரு நேரத்துக்கு ஒருத்தர் போதும். கட்டில்ல உக்காராம ஸ்டூல்ல உக்காருங்க.
கார்த்தி, யூரின் பை எங்க இருக்கு?

கார்த்தி, மாலை 5:20
கட்டிலுக்குக் கீழ தரையில சித்தி.

சாந்தி, மாலை 5:24
உடனே நர்ஸைக் கூப்பிட்டு கட்டிலோட அடிச்சட்டத்துல கொக்கியில மாட்டச் சொல்லு. ஏத்தி இறக்குற பக்கத் தடுப்புல வேண்டாம், தடுப்பை ஏத்தினா பையும் கூடவே மேல போயிடும். எப்பவும் அப்பாவோட இடுப்புக்குக் கீழ இருக்கணும், தரையையும் தொடக்கூடாது. டியூப் மடங்காம, அவர் உடம்புக்கு அடியில மாட்டாம பாத்துக்கோ.
எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போகும்போது பையைத் தூக்கி வயித்து மேல வச்சிடுவாங்க. அங்கதான் பாதி வினையே. பையில தேங்கினது அப்படியே திரும்பி உள்ள ஓடும். கிளம்புறதுக்கு முன்னாடி காலி பண்ணச் சொல்லிடு.

கார்த்தி, மாலை 5:31
மாட்டியாச்சு. பை நிறைஞ்சா நானே காலி பண்ணலாமா?

சாந்தி, மாலை 5:36
வார்டு ஆளுங்க பண்ணட்டும், நீ பக்கத்துல நின்னு பாரு. மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதுமே சொல்லிடு, கனம் ஏறினா டியூப் இழுபடும். கிளவுஸ் புதுசா போடணும். பிடிக்கிற ஜக் அப்பாவுக்குன்னு தனியா இருக்கணும், அடுத்த கட்டில்ல பிடிச்ச ஜக்கைக் கொண்டு வந்தா வேண்டாம்னு சொல்லு. பையோட வாய் ஜக்குல இடிக்கக்கூடாது.

முரளி, மாலை 5:44
கார்த்தி, டியூப்பும் பையும் சேர்ற இடத்தை யாரும் கழட்டக்கூடாது. கல்சருக்கு, அதாவது யூரின்ல என்ன கிருமின்னு பாக்குற டெஸ்டுக்கு எடுக்கணும்னா டியூப்ல அதுக்குன்னு ஒரு சின்ன வாய் (போர்ட்) இருக்கும், அதைத் துடைச்சு சிரிஞ்சுல எடுக்கணும். பையில தேங்கினதை எடுத்து அனுப்பினா, பையில வளர்ந்த கிருமிக்குத்தான் ரிப்போர்ட் வரும். அதை நம்பி ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா தேவையில்லாத மருந்து.
டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் யூரின்ல கிருமி சேர 3 முதல் 7 சதவீதம் வரைக்கும் வாய்ப்பு இருக்கு. எவ்வளவு சுத்தமா வச்சாலும் நாள் கூடக்கூட சேரத்தான் செய்யும்.

தங்கம், மாலை 5:50
ஆனா அவரால எந்திரிச்சுப் போக முடியாதே. டியூப் இருந்தா வசதிதானே சாந்தி?

சாந்தி, மாலை 5:53
வசதிக்காக விட்டு வைக்கிற டியூப்தான் அக்கா ஆபத்து. யூரின் கேன் இருக்கு, பெட்பேன் இருக்கு. இந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் மறுநாள், இல்லைன்னா ரெண்டாம் நாள் எடுத்துடலாம். யாரும் கேக்கலைன்னா மறந்துபோய் அப்படியே இருக்கும். கார்த்தி, ரவுண்ட்ஸ்ல டாக்டர் வந்ததும் "டியூப் இன்னும் தேவையா, எப்போ எடுப்பீங்க?"ன்னு கேளு. தினமும் கேளு.

ரேவதி, மாலை 6:10
நான் சானிடைசர் 4 பாட்டில் வாங்கியிருக்கேன். செருப்பையும் வெளியவே விடச் சொல்றாங்களாம்?

முரளி, மாலை 6:16
தரையில இருக்கிற கிருமி அவர்கிட்ட ஏறுறது கை வழியாத்தான். செருப்பைக் கையால கழட்டிட்டு அதே கையோட போய் டிரிப்பைத் தொட்டா என்ன பிரயோஜனம்?
சானிடைசர் ரெண்டு சொட்டு போதாது, உள்ளங்கைக் குழி நிறைய ஊத்தணும். விரல் நுனியைச் சேர்த்து எதிர் உள்ளங்கையில வட்டமா தேய்க்கணும், கட்டை விரலை மத்தக் கையால பிடிச்சுத் திருகணும். எல்லாரும் விட்டுடுறது இந்த ரெண்டு இடத்தைத்தான். 20, 30 செகண்ட், தானா காயணும். கர்ச்சீப்ல துடைக்காதீங்க.
கையில அழுக்கு தெரிஞ்சாலோ, அப்பாவுக்கு பேதி ஆனாலோ சோப்பும் தண்ணியும்தான், 40 முதல் 60 செகண்ட். பேதி உண்டாக்குற ஒரு கிருமி விதை மாதிரி கூடு கட்டிக்கும், அது ஆல்கஹாலுக்குச் சாகாது.

சாந்தி, மாலை 6:21
அவரைத் தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும். கட்டில் கம்பி, லாக்கர் தொட்டாலும்தான். போனை மறந்துடாதீங்க, கை கழுவிட்டு உடனே போனை எடுத்தா கழுவினது வீண்.

கார்த்தி, இரவு 8:40
டிரிப் பாட்டில் சரியா இறங்கலைன்னு மேல ஒரு ஊசி குத்தி விட்டிருக்காங்க. சரியா?

சாந்தி, இரவு 8:43
சரியில்லை. அந்த ஊசி வழியா வார்டு காத்து நேரா மருந்துக்குள்ள போகும். காத்துக்கு வடிகட்டி வச்ச டிரிப் செட் இருக்கு, அதைப் போடச் சொல்லி சிஸ்டர்கிட்ட பணிவா கேளு. சண்டை வேண்டாம், அவங்க ஒருத்தரே நிறைய கட்டிலைப் பாக்குறாங்க.
கையில டிரிப் ஏத்த நரம்புல சொருகியிருக்கிற சின்னக் குழாய், அந்த வென்ஃப்ளானையும் பாரு. சுத்தி சிவப்பு, வீக்கம், தொட்டா வலி, நரம்பு கயிறு மாதிரி கெட்டியா இருக்கா? பிளாஸ்டர் ஈரமா? ஒண்ணு இருந்தாலும் சொல்லி மாத்தச் சொல்லணும். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி அதோட வாயை ஸ்பிரிட் பஞ்சால 15 செகண்ட் தேய்ச்சு, காயவிட்டுத்தான் ஏத்தணும். கழட்டின மூடி பெட்ஷீட்ல விழுந்தா புது மூடி போடணும்.

தங்கம், இரவு 8:55
காயத்துக்குக் கொஞ்சம் திருநீறு வைக்கலாமா?

சாந்தி, இரவு 8:57
நெத்திக்கு வைங்க அக்கா. காயத்துக்கட்டை டாக்டர் சொல்லாம யாரும் தூக்கிப் பாக்கக்கூட வேண்டாம். நனைஞ்சாலோ ரத்தம் ஊறி வெளிய வந்தாலோ சொல்லணும். அவருக்குச் சுகர் வேற. 200-க்கு மேல போனா காயத்துல சீழ் பிடிக்க வாய்ப்பு கூடும், அதனால ஜூஸ், ஸ்வீட் எதுவும் கொண்டு வராதீங்க. பல்செட்டைக் கழட்டிக் கழுவி, ரெண்டு வேளையும் வாயைச் சுத்தம் பண்ணணும். தலைப்பக்கத்தை உயர்த்தி வச்சு மூச்சை இழுத்து விடச் சொல்லுங்க. படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வரும்.

கார்த்தி, மறுநாள் காலை 9:50
டாக்டர்கிட்ட கேட்டேன் சித்தி. எடுத்துடலாம்னார். இப்போ எடுத்தாச்சு.

சாந்தி, காலை 9:52
நேரத்தைக் குறிச்சுக்கோ. 6 மணி நேரத்துக்குள்ள தானா போகணும், கேன்ல பிடிச்சு அளவு பாரு. போகாம அடிவயிறு உப்பினா காத்திருக்காம உடனே சொல்லு.

கார்த்தி, மதியம் 1:35
போனார். 250 மில்லி.

சாந்தி, மதியம் 1:36
சிஸ்டர்கிட்ட சொல்லி எழுதச் சொல்லு. வென்ஃப்ளான் எப்போ எடுப்பாங்கன்னு கேட்டியா?